பப்ஜி: தோற்றுத் தோற்று ஆடும் ஆட்டம்

சனிக்கிழமை இரவு பத்தரை மணியளவில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு முற்றுப்புள்ளி வந்து விழும். சொல் எதுவும் இருக்காது, வெறும் புள்ளி மட்டும்தான். ‘நான் ரெடி, நீங்கள் எங்க?’ என்பதற்கு எங்கள் சுருக்கெழுத்து அது. நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். மற்ற மூவரில் ஒருவன் கொழும்பில், ஒருவன் டோகாவில், ஒருவன் லண்டனில். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, கூரைத் தகரம் முழுதாகப் போடப்படாத ஒரு கட்டடத்தில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்களுக்குப் பத்தரை என்றால் டோகாவில் எட்டு மணி. லண்டனில் கோடையென்றால் ஆறு, குளிர்காலமென்றால் ஐந்து. மூன்று நேரங்களுக்கும் பொதுவாக ஒரு மணித்தியாலத்தைப் பிடிப்பதே தனி வேலை.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் பப்ஜி மொபைல் விளையாடுகிறோம். பெரும்பாலும் தோற்கிறோம்.

இந்த விளையாட்டைப் பற்றி எங்கள் ஊர்களில் இரண்டு கதைகள் உலவுகின்றன. பிள்ளைகளைக் கெடுக்கும் போதை என்பது பெற்றோரின் கதை. சும்மா பொழுதுபோக்கு என்பது பிள்ளைகளின் கதை. இரண்டு தரப்பும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அந்தச் சின்னத் திரையில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. விளையாடுபவன் என்ற முறையில் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நூறு பேரை ஒரு விமானத்தில் ஏற்றுகிறார்கள். விமானம் ஒரு தீவின் மேலாக நேர்கோட்டில் பறக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் கோடு மாறும். விரும்பிய இடத்தில் பரசூட்டில் குதிக்கலாம். குதிக்கும்போது கையில் எதுவும் இருக்காது. வீடு வீடாகப் புகுந்து துவக்கு, சன்னம், ஹெல்மட், பண்டேஜ் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். எந்த வீட்டில் என்ன கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. எரங்கல் என்ற பழைய தீவு எட்டுக்கு எட்டுக் கிலோமீற்றர். அவ்வளவு பெரிய நிலத்தில் நூறு பேரும் ஒளித்திருந்தால் ஆட்டம் விடியும் வரை முடியாது என்பதால், வரைபடத்தில் ஒரு வட்டம் விழும். குறித்த நேரத்துக்குள் அதற்குள் போய்விட வேண்டும். வெளியே நிற்பவரின் உயிர் சிறிது சிறிதாகக் குறையும். பிறகு அதற்குள் இன்னொரு சிறிய வட்டம், அதற்குள் இன்னொன்று. அரை மணித்தியாலம் அளவில், ஒரு வீட்டு வளவு அகலத்துக்குள் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். கடைசியாக நிற்கும் ஆளுக்கோ அணிக்கோ ‘சிக்கன் டின்னர்’ என்று எழுத்து வரும். அது சூதாட்டக்காரர்களின் பழைய வாய்ப்பேச்சு. கோழி எதுவும் கிடைக்காது.

‘பற்றில் றோயல்’ என்று இந்த வகைக்குப் பெயர் வந்தது ஜப்பானிலிருந்து. கௌஷுன் டகாமி 1999 இல் எழுதிய நாவலை 2000 இல் கின்ஜி ஃபுகாசாகு படமாக்கினார். ஒரு வகுப்பு மாணவர்களைத் தீவொன்றில் விட்டு, ஒருவர் மிஞ்சும் வரை கொல்லவைக்கும் கதை. ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். யாருக்கு என்ன ஆயுதம் என்பது அதிர்ஷ்டம். கதாநாயகனின் பையில் இருப்பது ஒரு பானை மூடி. பப்ஜியில் பொரிக்கும் சட்டி ஒன்று கிடைக்கும். அதை இடுப்புக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு ஓடினால், பின்னாலிருந்து வரும் சன்னம் சட்டியில் பட்டு ‘டங்’ என்று தெறிக்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானை மூடிதான் நினைவுக்கு வரும்.

படத்தின் யோசனையைக் கணினி விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன். பிரேசிலில் வாழ்ந்த காலத்தில் ‘ஆர்மா 2’ என்ற இராணுவ விளையாட்டை மாற்றியமைத்து இதைச் செய்து பார்த்தார். இணையத்தில் அவர் பாவித்த பெயர் ‘பிளேயர் அன்னோன்’. 2016 இல் தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனம் அவரை அழைத்தது. 2017 மார்ச்சில் ‘பிளேயர் அன்னோன்ஸ் பற்றில்கிரவுண்ட்ஸ்’ கணினிக்கு வந்தது. 2018 ஜனவரியில் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 32 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த விளையாட்டை ஓட்டக்கூடிய கணினி எங்களில் எவரிடமும் இருக்கவில்லை. 2018 மார்ச்சில் டென்சென்ட் அதைக் கைபேசிக்கு இலவசமாக விட்டது. வன்னியில் பெடியள் மதகில் வரிசையாகக் குந்தியிருந்து, கைபேசியைக் குறுக்கே பிடித்து, ‘பொச்சின்கில நாலு பேர் நிக்கிறாங்கள் மச்சான்’ என்று கத்தத் தொடங்கியது அப்போதுதான்.

அப்பாவியான ஒரு கணக்கைச் சொல்கிறேன். கரம் போர்ட்டில் இருவர் ஆடினால் பாதிக்குப் பாதி. இங்கே தனியாக ஆடினால் நூற்றில் ஒருவர் வெல்வார், தொண்ணூற்றொன்பது பேர் தோற்பார்கள். நால்வர் அணியாக ஆடினால் இருபத்தைந்து அணிகள். எல்லோரும் சம திறமை என்று வைத்தாலும், ஒரு சனிக்கிழமைக்கு மூன்று ஆட்டம் ஆடும் எங்களைப் போன்ற அணிக்கு இரண்டு மாதத்தில் ஒரு வெற்றி கிடைத்தால் அது நியாயமான பங்கு. அதாவது இந்த விளையாட்டில் தோல்விதான் இயல்பு நிலை. எரிச்சலும் அதிலிருந்துதான் வருகிறது, இழுவையும் அதிலிருந்துதான் வருகிறது. இருபத்தைந்தில் ஒன்று என்பதால் ஏழாவதாக வந்தாலும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று மனம் சொல்லும். தோற்றதற்குக் காரணம் சொல்லவும் எப்போதும் ஏதாவது இருக்கும்: துவக்குக் கிடைக்கவில்லை, வட்டம் தூரத்தில் விழுந்தது, வாகனத்தில் எண்ணெய் முடிந்தது.

சாகும் விதங்களை எண்ணி முடிக்க முடியாது. இரண்டு பேர் ஒரே கூரையில் இறங்கி, மற்றவன் கையில் துவக்கும் என் கையில் பெற்றோல் கானும் அகப்படும். இருபத்தைந்து நிமிடம் புல்லுக்குள் புழுவாக ஊர்ந்து கடைசிப் பத்துப் பேருக்குள் வந்து, எங்கிருந்து என்றே தெரியாத ஒரு சன்னத்தில் போவேன். ஓடும் வாகனத்திலிருந்து ‘இறங்கடா’ என்று நண்பன் கத்த, அவன் சொல்லை நம்பி இறங்கி, அந்த வேகத்திலேயே செத்திருக்கிறேன். கொழும்புக்காரன் எறிந்த கைக்குண்டு கதவு நிலையில் பட்டுத் திரும்பி வந்து எங்கள் நால்வரையும் ஒன்றாகக் கொண்டுபோன இரவு ஒன்று உண்டு. அன்று சிரித்த சிரிப்பில் டோகாக்காரனின் அறையில் இருந்தவர்கள் எழும்பி அவனை ஏசினார்கள். வென்ற ஆட்டங்களில் எனக்கு நினைவிருப்பவை நாலைந்து. தோற்ற ஆட்டங்களைத்தான் நாங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

எல்லாத் தோல்வியும் சிரிக்கக்கூடியது அல்ல. சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்த பிறகு சாவது இருக்கிறதே, அதைப்போல வயிறெரியும் விடயம் வேறில்லை. நீண்ட காலம் அதைக் கள்ள ஆட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான நேரம் அது வெறும் தூரம்.

விளையாடும்போது திரையின் மூலையில் ஓர் எண் நிற்கும். பிங் என்பார்கள். எங்கள் கைபேசியிலிருந்து ஒரு செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்பிவர எடுக்கும் நேரம், மில்லி செக்கனில். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். சேர்வர் சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து அங்கே நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லி செக்கன். லண்டனிலிருந்து சுமார் 10,900 கிலோமீற்றர், போய்வர 109. இது பௌதிகம் வைத்த அடிமட்டம். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 என்ற கேபிள் சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுற்றிவளைத்துச் சுமார் 20,000 கிலோமீற்றர் நீளம். அதற்கு மேல் இரவு நேரத்தில் ஊர் முழுவதும் ஒரே கோபுரத்தில் தொங்கும் நெரிசல் இருக்கிறது. என் திரையில் 200 என்று சிவப்பில் நிற்பது புதினமில்லை.

200 மில்லி செக்கன் என்பது கண்ணிமைக்கும் நேரத்தைவிட அதிகமில்லை. ஆனால் எம் 416 என்ற துவக்கு செக்கனுக்குப் பதினொரு சன்னத்துக்கு மேல் கக்கும். அந்த இடைவெளிக்குள் இரண்டு சன்னம் வந்துவிடும். நாலைந்து பட்டால் ஆள் முடிந்தது. நான் சுவருக்குப் பின்னால் வந்துவிட்டேன் என்பது என் கைபேசிக்குத் தெரியும். அந்தச் செய்தி கடல் தாண்டிப் போய்ச் சேரும் வரை, சுடுபவனின் திரையில் நான் இன்னும் வெளியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். அவன் தன் திரையில் கண்ட ஆளைச் சுடுகிறான். அவன் பக்கத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

ஆகவே எங்கள் நால்வருக்குள் ஒவ்வொரு சனிக்கிழமையும் எந்தச் சேர்வர் என்ற வழக்கு நடக்கும். ஆசியா என்றால் எனக்கும் கொழும்புக்காரனுக்கும் நல்லம், லண்டன்காரன் சாவான். ஐரோப்பா என்றால் அவன் ராசா, நாங்கள் சுவருக்குப் பின்னால் சாவோம். மத்திய கிழக்கு டோகாக்காரனுக்கு வாய்ப்பு, மற்ற எல்லோருக்கும் அரைகுறை. நால்வரும் ஒரே சேர்வரில்தான் ஆட முடியும் என்பதால் யாராவது ஒருவர் அன்றிரவு தூரத்தைச் சுமக்க வேண்டும். ‘போன கிழமை நான்தானே செத்தனான்’ என்று லண்டன்காரன் கணக்குக் காட்டுவான்.

உண்மையான கள்ளரும் இருக்கிறார்கள். சுவரை ஊடுருவிப் பார்க்கும் மென்பொருள், குறியைத் தானே தலையில் வைக்கும் மென்பொருள் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. பிடிபட்டால் கணக்கைப் பத்து வருடத்துக்குத் தடை செய்வார்கள். பத்து வருடம் என்ற எண் பயங்கரமாக இருந்தாலும் புதுக் கணக்குத் திறக்க ஐந்து நிமிடம் போதும்.

ஆரம்பத்தில் எவருக்கும் வெற்றி இலகுவாக வருவதன் இரகசியத்தையும் சொல்லிவிட வேண்டும். புதியவரின் ஆட்டங்களில் ‘எதிரிகள்’ பலர் மனிதர்களே அல்ல. கணினி இயக்கும் பொம்மைகள். நேர்கோட்டில் ஓடிவந்து, நின்று, வானத்தைச் சுட்டுவிட்டு, நாங்கள் சுடும் வரை காத்து நிற்கும். எங்கள் முதலாவது சிக்கன் டின்னரைக் கொண்டாட நாங்கள் உண்மையாகவே கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். ஒரு வருடம் கழித்துத்தான் அன்று கொன்றவர்களில் பாதிப்பேர் பொம்மைகள் என்று விளங்கியது. அக்காவின் மகன் ஃப்ரீ ஃபயர் ஆடுபவன். சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017 இல் வெளியிட்டது. ஐம்பது பேர், பத்து நிமிடம் அளவில் ஆட்டம் முடியும், விலை குறைந்த போனிலும் ஓடும். ‘மாமா, உங்கட கேம் கிழவன்மாருக்கு’ என்பான். நடந்தே பத்து நிமிடம் போகிறது என்பது அவன் முறைப்பாடு. எனக்கு அந்த நடைதான் பிடிக்கும். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நால்வரும் கூடாத நாட்களில் முன்பின் தெரியாதவர்களோடு அணி சேர்வேன். 2020 வரை ஆசியச் சேர்வரில் தமிழ்நாட்டுப் பையன்களின் குரல் தாராளமாகக் கேட்கும். நான் நாலு வசனம் பேசியதும் ‘ப்ரோ நீங்க மலையாளியா?’ என்பார்கள். இல்லை, கிளிநொச்சி என்றால் ஒரு நிமிடம் அமைதி. பிறகு மரியாதை கூடிவிடும், ஹெல்மட்டைக் கழற்றிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். 2020 செப்ரெம்பர் 2 ஆம் திகதி இந்திய அரசாங்கம் வேறு 117 செயலிகளோடு சேர்த்துப் பப்ஜி மொபைலைத் தடை செய்தது. ஒக்ரோபர் இறுதியில் அங்கே சேவை முற்றாக நின்றது. அடுத்த வருடம் இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பு வந்தது, ஆனால் அது அவர்களுக்கு மட்டும். எல்லையில் நடந்த சண்டைக்காக இரண்டு நாட்டு அரசுகள் செய்த காரியத்தில், எனக்குப் பெயர் தெரியாத மதுரைப் பையன் ஒருவனை ஓர் இரவோடு இழந்தேன்.

தெரியாதவர்களோடு ஆடுவதில் அசிங்கமும் நிறைய. தோற்றதும் தாயைத் தமக்கையை இழுத்துப் பேசுவது சாதாரணம். என் சித்தியின் மகள் என்னைவிட நன்றாகச் சுடுவாள். அவள் ஒருநாளும் மைக்கைத் திறந்ததில்லை. பெண் குரல் கேட்ட உடனே என்னவெல்லாம் தொடங்கும் என்பதை இரண்டு தடவை கேட்டது போதும் என்கிறாள். ஆகவே அவள் பெயரும் உருவமும் ஆணுடையவை.

சத்தத்தைப் பற்றி. பப்ஜியில் காதுதான் பாதி ஆட்டம். காலடி எந்தப் பக்கம், வெடி கிட்டவா தூரவா, வாகனம் வருகிறதா போகிறதா எல்லாவற்றையும் கேட்டே பிடிக்க வேண்டும். 2018 இல் நான் இயர்போன் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மா குசினிக்குள்ளிருந்து வந்தா.

“தம்பி, உந்தச் சத்தத்தைக் குறை.”

குறைத்தேன். அவ போகாமல் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தா.

“உது என்ன வட்டம்?”

“அதுக்குள்ள போயிட வேணும் அம்மா.”

“போகாட்டி?”

“செத்திடுவம்.”

“போனாப் பிறகு?”

“திரும்பச் சின்னன் ஆகும்.”

அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் இயர்போன் பாவிக்கிறேன்.

ஆங்கிலத்தில் அந்த வட்டத்தைச் சொல்லும் சொல்லைத் தமிழாக்கினால் ‘பாதுகாப்பு வலயம்’ என்றுதான் வரும். 2009 ஜனவரியில் அரசாங்கம் வன்னியில் முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பெப்ரவரியில் அது புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையான கரையோரத்துக்கு மாறியது. மே மாதத் தொடக்கத்தில் இன்னும் சுருங்கியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வலயம் என்று சொல்லப்பட்ட இடத்துக்குள்ளும் செல் விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை எழுதிவைத்திருக்கிறது. அதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். கேமில் வட்டத்துக்குள் போய்விட்டால் வட்டம் ஒன்றும் செய்யாது. அங்கே சொன்ன விதி சொன்னபடி இருக்கும்.

போரைப் பார்த்த பிள்ளைகள் எப்படி இதை விளையாடுகிறீர்கள் என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. மனவடு என்பார்கள் சிலர், மனவடுவுக்கு மருந்து என்பார்கள் சிலர். எனக்கு இரண்டும் அளவுக்கு மிஞ்சிய சட்டை. விளையாடும்போது நான் முள்ளிவாய்க்காலை நினைப்பதில்லை. மற்றவன் எந்த யன்னலில் நிற்கிறான் என்றுதான் நினைக்கிறேன். செத்தால் ஒரு பொத்தானை அழுத்தி லொபிக்குத் திரும்புவேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பப்ஜியில் வரைபடத்தில் சிவப்பு வலயம் ஒன்றும் இடைக்கிடை வரும். அதற்குள் வானத்திலிருந்து குண்டுகள் விழும். உண்மையில் அதில் ஆள் சாவது அபூர்வம், அனுபவமுள்ளவர்கள் கவனிக்காமல் ஓடுவார்கள். டோகாக்காரன் மட்டும் ஒவ்வொரு முறையும் கிட்டவுள்ள வீட்டுக்குள் போய், அது முடியும் வரை பேசாமல் நிற்பான். நாங்களும் நிற்போம். அதைப் பற்றி ஒருவரும் கதைத்ததில்லை.

காசு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. விளையாட்டு இலவசம், உடுப்பு இலவசமில்லை. துவக்குக்கு நிறம், பரசூட்டுக்கு நிறம், பனியில் உறைந்த மாதிரி ஒரு எம் 416. இவற்றை நேரடியாக விற்பது குறைவு. பெட்டி வாங்கித் திறக்க வேண்டும், உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். இந்த மாதிரிப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று 2018 இலேயே பெல்ஜியம் முடிவெடுத்தது. நான் 2019 இல் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசியைப் பெட்டிகளுக்குள் போட்டேன். கிடைத்தது ஒரு மஞ்சள் தொப்பி. அந்தப் பழக்கத்திலிருந்து என்னைக் காப்பாற்றியது மனக்கட்டுப்பாடு இல்லை, 2022 பொருளாதார நெருக்கடி. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்குப் போனபோது, பத்து டொலர்ப் பொதி ஒன்று இரண்டாயிரம் ரூபாயிலிருந்து மூவாயிரத்து அறுநூறு ஆனது. அந்த மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரமும் இல்லை. கோபுரத்தின் பற்றரி இறங்கினால் சிக்னலும் போய்விடும். வட்டத்துக்கு வெளியே என் உருவம் தனியே நின்று சாகும்.

கட்டுப்பாடு என்றதும் 2020 ஐச் சொல்லாமல் விட முடியாது. மார்ச் 20 மாலை ஊரடங்கு தொடங்கியது. முதல் கிழமை இரவு ஒரு மணி வரை ஆடினேன், மூன்றாவது கிழமை நாலு மணி வரை. உலக சுகாதார அமைப்பு 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்தல், கேடு வந்த பிறகும் விடாமை; இவை சாதாரணமாக ஒரு வருட அளவுக்கு நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். எனக்கு ஒரு வருடம் ஆகவில்லை என்று அப்போது நான் என்னையே தேற்றிக்கொண்டேன். ஊரடங்கு தளர்ந்த பிறகு இணையவழி நேர்முகத்தேர்வு ஒன்று காலை ஒன்பது மணிக்கு இருந்தது. நான் எழும்பியது பதினொன்றரைக்கு. அம்மா கதவைத் தட்டியிருக்கிறா, எனக்குக் கேட்கவில்லை. காதில் இயர்போன் இருந்தது.

அன்று கேமை அழித்தேன். நாலு மாதம் தொடவில்லை. வேறொரு வேலை கிடைத்தது, நித்திரை திரும்பியது, அம்மா சந்தோசப்பட்டா. ஆனால் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்கள் வட்ஸ்அப் குழு செத்துப்போனது. ‘எப்பிடிடா?’ ‘சுகம்.’ ‘அங்க எப்பிடி?’ ‘ஓம், சுகம்.’ பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம். அவ்வளவுதான். நாங்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் கோல் எடுத்து ‘எனக்கு மனம் சரியில்லை’ என்று சொல்லி வளர்ந்த ஆட்கள் இல்லை. எங்களுக்குக் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். கண் வேறெங்கோ இருக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும்.

மருமகனுக்கு அலுப்புத் தரும் அந்தப் பத்து நிமிட நடை எனக்கு ஏன் பிடிக்கும் என்றால் இதற்காகத்தான். வீடு வீடாகப் பொறுக்கிக்கொண்டு, சண்டை இன்னும் வராமல், வட்டத்தை நோக்கி வயலால் நடக்கும் அந்த நேரத்தில் எங்கள் வாழ்க்கையில் நடந்த பெரிய விடயங்கள் பல சொல்லப்பட்டிருக்கின்றன. லண்டன்காரனின் விசா நிராகரிக்கப்பட்டது ரொசோக்கில். கொழும்புக்காரனின் தகப்பனுக்கு ஒப்பரேஷன் என்பது மில்டாப் பாலத்தில். நாலு மாதத்துக்குப் பிறகு நான் கேமைத் திரும்ப ஏற்றினேன், ஒரு நிபந்தனையோடு: சனிக்கிழமை மட்டும், மூன்று ஆட்டம், வென்றாலும் தோற்றாலும் நிறுத்தம். இரண்டாவதாக வந்த இரவுகளில் அந்த நிபந்தனை உடைந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை. ஜோர்ஜபோலில் கொள்கலன் பெட்டிகளுக்கு நடுவில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். டோகாக்காரன் எட்டுப் பேர் படுக்கும் அறையில், போர்வைக்குள் இருந்து ஆடுபவன். ஆகவே எப்போதும் குசுகுசுத்துத்தான் பேசுவான்.

“இஞ்ச ஒரு ஃபோர் எக்ஸ் கிடக்கு. ஆருக்கும் வேணுமோ?”

“எனக்குத் தா,” என்றேன்.

“வந்து எடு. டேய், எங்களுக்கு மூண்டு மாசமாச் சம்பளம் தரேல்லை.”

ஒருவரும் பேசவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

“வீட்டுக்குத் தெரியுமோ?” கொழும்புக்காரன் கேட்டான்.

“இல்லை. சொல்லாதேங்கோ.”

“சாப்பாட்டுக்கு?”

“அது இருக்கு… முன்னுக்கு ஆள், முன்னுக்கு ஆள், நீலப் பெட்டிக்குப் பின்னால!”

இரண்டு நிமிடத்தில் நால்வரும் செத்துவிட்டோம். லொபியில் வந்து நின்றோம். வழமையாக யாராவது உடனே ‘ஸ்ராட் குடு’ என்று கத்துவார்கள். அன்று ஆட்டம் தொடங்கவில்லை. லொபியில் நாலு உருவங்களும் வரிசையாக நிற்க, என் உருவம் அந்த மஞ்சள் தொப்பியோடு நிற்க, ஒரு மணித்தியாலம் கதைத்தோம். லண்டன்காரன் அவனுடைய கணக்கு இலக்கத்தைக் கேட்டான். முதலில் தரமாட்டேன் என்றான். பிறகு தந்தான். கொழும்புக்காரன் ஒருவரிடம் விசாரித்து, தூதரகத்தில் எங்கே முறையிடுவது என்று திங்கட்கிழமை எழுதி அனுப்பினான். சம்பளம் முழுதாக வந்ததா என்றால், இரண்டு மாதத்தது வந்தது. ஒன்று இன்னும் இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு சேர்வர் வழக்கு நடப்பதில்லை. அவன் தங்கியிருக்கும் இடத்தின் வைபை மோசம் என்பதால் மத்திய கிழக்குத்தான், எல்லாச் சனிக்கிழமையும். நானும் கொழும்புக்காரனும் சுவருக்குப் பின்னால் சாகிறோம். லண்டன்காரனுக்குப் போன மாதம் மகள் பிறந்திருக்கிறாள். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மைக்கை மூடிவிட்டு ஆடுகிறான், ஆகவே அவன் எங்கே நிற்கிறான் என்று எங்களுக்கும் தெரியாது, எதிரிக்குத்தான் தெரியும். வருகிற சனி எங்கே குதிப்பது என்று சொல்வது அவன் முறை. பொச்சின்கி என்பான். மூன்று நிமிடத்தில் திரும்பி லொபிக்கு வந்துவிடுவோம்.